செப்பாங்: காருக்காகப் பிறந்தது, மோட்டார் சைக்கிளால் பிழைத்தது

மலாக்காவில் கிளேபாங் கடற்கரையை ஒட்டிப் போகும் சாலை, கூட்டரசு சாலை எண் 5. வார இறுதியில் கோக்கனட் ஷேக் குடிக்க வருகிறவர்களின் கார்கள் இரு பக்கமும் நின்று அதை ஒற்றையடிப் பாதையாக்கிவிடும். அந்த நெரிசலைத் தாண்டி வடக்கே பிடித்தால் தஞ்சோங் கிளிங், மஸ்ஜித் தானா, லிங்கி, போர்ட்டிக்சன், லுக்குட் என்று ஊர் ஊராகக் கடந்து அதே சாலை செப்பாங் வட்டாரத்தில் கொண்டுபோய் விடும். ஆண்டுக் கடைசியில் மோட்டோ ஜிபி என்னும் உலக மோட்டார் சைக்கிள் பந்தய வாரம் வந்துவிட்டால் தெற்கிலிருந்து மோட்டார் சைக்கிள்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பும். அவசரக்காரர்கள் ஆயர் குரோவில் நெடுஞ்சாலை ஏறிவிடுவார்கள். மோட்டார் சைக்கிளுக்கு அங்கே டோல் கிடையாது; காரில் போகிறவன்தான் காசு கட்ட வேண்டும். செப்பாங் பந்தயத் தளத்தின் கதையும் பாதி இப்படித்தான். கார் வந்தபோதெல்லாம் நாடு காசு கட்டியது.

செப்பாங்குக்கு முன்னோர்கள் உண்டு. சிங்கப்பூரில் தாம்சன் சாலையில் 1961இல் தொடங்கிய பந்தயம், 1962 முதல் சில ஆண்டுகள் மலேசியா கிராண்ட் பிரி என்ற பெயரிலேயே நடந்தது. பொதுச் சாலையை அடைத்துவிட்டு ஓட்டும் பந்தயம் அது. சிங்கப்பூர் பிரிந்த பிறகு தீபகற்பத்துக்குச் சொந்தமாக ஒரு தளம் தேவைப்பட்டது. 1968இல் பத்து தீகாவில் அது வந்தது. பின்னாளில் ஷா ஆலாம் தளம் என்று பெயர் மாறியது. 1977இல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சிறுவர்கள் பலியான விபத்துக்குப் பிறகு அது மூடப்பட்டு, மீண்டும் சீராகி, 1991 முதல் 1997 வரை உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தை நடத்தியது. 1998இல் ஒரே ஓர் ஆண்டு அந்தப் பந்தயம் ஜொகூரின் பாசிர் கூடாங் தளத்துக்குப் போனது. பத்து தீகா இன்று வீட்டுமனை. அங்கே ஓட்டிய பெரியவர்கள் அந்தத் தளத்தைப் பற்றிப் பேசும்போது, ஊரைவிட்டு ஓடிப்போன பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல்தான் பேசுகிறார்கள்.

இனி செப்பாங்கின் மண். ரப்பரைப் பணப்பயிராக மலாயாவில் முதலில் நட்டது எங்கள் மலாக்காவில்தான். 1896இல் தான் சே யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். அடுத்து புக்கிட் அசஹான் பெருந்தோட்டம் எழுந்தது. உலகத்தில் காரும் டயரும் பெருகப் பெருக இங்கே பால் மரமும் பெருகியது. பால் வெட்டத் தமிழர்கள் கப்பலேறி வந்தார்கள். ரப்பர் விலை சரிந்தபோது பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. 1990களில் செம்பனையும் வழிவிட வேண்டி வந்தது. புத்ராஜெயாவுக்காகப் பிராங் பெசார், செட்ஜ்லி, மெடிங்லி, காலோவே ஆகிய நான்கு தோட்டங்கள் போயின; அங்கிருந்த தொழிலாளர்கள் டிங்கிலில் அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தார்கள். அதே வட்டாரத்தில் செம்பனை நின்ற நிலங்களில்தான் கே.எல்.ஐ.ஏ. விமான நிலையம் 1998 ஜூனில் திறந்தது. அதன் பக்கத்திலேயே பந்தயத் தளமும் எழுந்தது. ரப்பர் வெட்டியவன் பேரன் ரப்பர் எரிவதைப் பார்க்க டிக்கெட் வாங்கினான் என்று இதைக் கவிதையாக்கலாம். நான் செய்யப்போவதில்லை, பந்தய டயரில் பெரும்பகுதி செயற்கை ரப்பர். ஆனால் எந்த நிலம் எதற்காகக் கைமாறியது என்பது நம் வரலாற்றின் பகுதி. பந்தயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை எழுதுவதேயில்லை என்பதால் இங்கே வைத்தேன்.

டாக்டர் மகாதீர் பிரதமராக இருந்த காலம். இரட்டைக் கோபுரம், புதிய விமான நிலையம், புதிய நிர்வாகத் தலைநகர், காமன்வெல்த் விளையாட்டு என்று எல்லாமே ஒரே மூச்சில் நடந்த ஆண்டுகள். அந்த வரிசையில் ஃபார்முலா ஒன்றும் சேர்ந்தது. 1997இல் ஆசிய நாணய நெருக்கடி வந்து ரிங்கிட் விழுந்தபோதும் வேலை நிற்கவில்லை. சுமார் பதினான்கு மாதங்களில் கட்டி முடித்து, 1999 மார்ச் 7ஆம் தேதி இரவு மகாதீர் திறந்துவைத்தார். வடிவமைத்தவர் ஜெர்மனியின் ஹெர்மன் டில்கே. வெறும் தரையிலிருந்து ஒரு முழு ஃபார்முலா ஒன் தளத்தை அவர் எழுப்பியது இங்கேதான் முதல்முறை. பஹ்ரைன், ஷாங்காய், இஸ்தான்புல், டில்லி அருகே உள்ள புத் தளம் எல்லாம் பிறகு வந்தவை.

தளத்தின் அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். தடத்தின் அகலம் 16 மீட்டருக்குக் குறையாது. சில இடங்களில் இருபதையும் தாண்டும். பழைய ஐரோப்பியத் தளங்களில் முன்னால் போகிறவன் வழியை மறித்தால் பின்னால் வருகிறவன் முழிக்க வேண்டியதுதான். இங்கே ஒரே வளைவுக்குள் மூன்று விதமாக நுழையலாம். அடுத்து, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு நேர்ப்பாதைகள் அருகருகே எதிரும் புதிருமாகப் போகின்றன. அவற்றுக்கு நடுவே முதுகோடு முதுகு ஒட்டிய பிரதான பார்வையாளர் மாடம். ஒரு பக்கம் உட்கார்ந்தால் புறப்படும் கோடும் டயர் மாற்றும் பிட்டும். மறுபக்கம் உட்கார்ந்தால் முழு வேகத்தில் திரும்பி வரும் வண்டிகள். இரண்டு நேர்ப்பாதைகளையும் கடைசியில் ஒரு கொண்டை ஊசி வளைவு இணைக்கிறது. அதுதான் பதினைந்தாவது வளைவு.

அந்த வளைவில் ஒரு சூது இருக்கிறது. பின்னால் வருகிறவன் தாமதமாக பிரேக் பிடித்து உள்ளே நுழைந்து முந்திவிடுவான். ஆனால் வெளியே வரும்போது அவன் வண்டி அகலப் போய்விடும். ஏமாந்தவன் உள்பக்கமாகத் திரும்பி, அடுத்த நேர்ப்பாதை முழுக்க அவன் முதுகில் ஒட்டிக்கொண்டே போய், முதல் வளைவில் பழிதீர்க்கலாம். முதல் வளைவு வலப்பக்கம் சுருண்டு தன் மேலேயே மடங்குவதுபோல் வரும். அதிலிருந்து வெளியேறியதும் இடப்பக்கம் இரண்டாவது. அதனால் ஒரு முந்தலுக்குள் மூன்று முந்தல்கள் நடக்கும். ஐந்தும் ஆறும் அசுர வேகத்தில் இடமும் வலமுமாக வளைகிறவை. கழுத்து கெட்டியாக இருந்தால்தான் தாங்கும். பதிமூன்றிலிருந்து பதினான்குக்குப் போகும் இடத்தில் வளைவு இறுகிக்கொண்டே போகும், திருப்பிக்கொண்டே பிரேக் பிடிக்க வேண்டும். ஓட்டுநர்கள் அதிகம் தவறுகிற இடம் இதுதான்.

வளைவுகளுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள்: பாங்கோர் லாவுட், லங்காவி, கெந்திங், கே.எல்.ஐ.ஏ., தியோமான், சன்வே லகூன். ஒரு பந்தய வீரன் பெயர் இல்லை. சுற்றுலாக் கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு சூட்டியதுபோல் இருக்கும். உள்ளூரில் பந்தயம் வளர வேண்டும் என்பது இரண்டாம் பட்சம். ஐரோப்பியத் தொலைக்காட்சிக்கு மலேசியாவைக் காட்ட வேண்டும் என்பதே முதல் பட்சம். அந்த நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஜப்பானுக்கு வெளியே ஆசியாவில் ஃபார்முலா ஒன் உலகப் போட்டி நடந்த முதல் நாடு மலேசியாதான்.

ஆனால் இந்தத் தடத்தில் முதலில் உலகப் பந்தயம் ஓடியது கார் அல்ல. 1999 ஏப்ரல் 18ஆம் தேதி மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரி நடந்தது; 500 சிசி பிரிவில் அமெரிக்காவின் கென்னி ராபர்ட்ஸ் ஜூனியர் ஜெயித்தார். கார்கள் வந்து சேர ஆறு மாதம் ஆனது. வந்தபோது ஊரைக் கூட்டிக்கொண்டுதான் வந்தன.

1999 அக்டோபர் 17. ஜூலையில் இங்கிலாந்தில் கால் முறிந்து படுத்திருந்த மைக்கேல் ஷூமாக்கர் அன்றுதான் திரும்பி வந்தார். பட்டத்துக்குப் போட்டியிட்டது அவரல்ல, அவருடைய ஃபெராரி கூட்டாளி எட்டி இர்வைன். எதிரி மெக்லாரனின் மிகா ஹாக்கினென். ஷூமாக்கர் முதலிடத்தில் புறப்பட்டு, இர்வைனுக்கு வழிவிட்டு, ஹாக்கினெனைப் பின்னாலேயே கட்டிப்போட்டார். இர்வைன் முதலிடம், ஷூமாக்கர் இரண்டாமிடம். கொண்டாட்டம் முடிந்து சில மணி நேரத்தில் சோதனை அதிகாரிகள், ஃபெராரியின் பக்கவாட்டுக் காற்றுத் தகடுகள் அளவு தவறியவை என்று சொல்லி இரண்டு கார்களையும் தகுதிநீக்கம் செய்தார்கள். அந்த நிமிடத்தில் ஹாக்கினென் உலகச் சாம்பியன். சில நாட்கள் கழித்துப் பாரிஸில் மேல்முறையீடு. அளந்த விதத்தில் பிழை, தகடு அனுமதித்த வரம்புக்குள்தான் இருக்கிறது என்று தீர்ப்பு மாறியது. ஜப்பானில் நடந்த கடைசிப் பந்தயத்தில்தான் ஹாக்கினென் நிஜமாகப் பட்டம் வென்றார். பிறந்த முதல் ஆண்டிலேயே நீதிமன்றம் வரைக்கும் பெயர் அடிபட்டுவிட்டது செப்பாங்குக்கு.

பிறகு வந்த ஆண்டுகளில் ஆட்டிப்படைத்தது வானிலை. பிற்பகலில் தடத்தின் சூடு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஒரு பந்தயம் முடிவதற்குள் ஓட்டுநர் சில கிலோ எடை இழந்துவிடுவார். அதற்குமேல் மழை. நம் ஊர் மழை எப்படி என்று நமக்குத் தெரியும். ஐரோப்பியருக்கு அது அடித்த பிறகுதான் தெரிந்தது. 2009இல் ஐரோப்பியர்கள் காலை உணவோடு பார்க்க வசதியாகப் பந்தயத்தை மாலை 5 மணிக்குத் தள்ளினார்கள். மாலை ஐந்துக்கு மேல் இந்த வட்டாரத்தில் வானம் என்ன செய்யும் என்று எந்தத் தோட்டத்துப் பாட்டியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். கொட்டித் தீர்த்தது. 31 சுற்றுக் கணக்கோடு பந்தயம் நின்றது. ஜென்சன் பட்டனுக்கு வெற்றி, ஆனால் எல்லாருக்கும் பாதிப் புள்ளிதான். 1991க்குப் பிறகு முதல்முறையாகப் பாதிப் புள்ளி கொடுத்தது அன்றைக்குத்தான். மற்றவர்கள் மழை விடுமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, கிமி ரைக்கோனென் அரைக்கால் சட்டைக்கு மாறி ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைக் கேமரா பிடித்தது. அடுத்த ஆண்டு பந்தயத்தை 4 மணிக்கு முன்னே இழுத்தார்கள்.

தமிழர்களுக்கும் இந்தத் தடத்தில் பங்கு உண்டு. கோயம்புத்தூரின் நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்கு ஓட்டி, இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரானார். அவருடைய இரண்டாவது பந்தயமே செப்பாங், 11ஆம் இடம். 2010இல் சென்னையின் கருண் சந்தோக் எச்ஆர்டி அணியின் தவழும் காரில் 15ஆவதாக முடித்தார். சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுபாதையில் கார் ஓட்டிப் பழகிய ஊர் சென்னை. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு தளம் கட்டினார்கள்; அதில் வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். 2012இல் நாராயணும் எச்ஆர்டியில் இருந்தார். தகுதிச் சுற்றில் 24ஆவதாக, அதாவது கடைசியாக வந்தார். மழை வரும் என்று கணித்து, முழு மழை டயரோடு கிளம்பியது அவர் அணி. மழை கனத்தது; மற்றவர்கள் டயர் மாற்றப் பிட்டுக்கு ஓடினார்கள். பந்தயத்தை நிறுத்திச் சிவப்புக்கொடி காட்டியபோது அந்தக் கடைசிக் கார் 10ஆம் இடத்தில் நின்றது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் மழைக்காகக் காத்திருந்த அந்த வேளையில், இடங்களைக் காட்டும் திரையில் பெரிய பெரிய பெயர்களுக்கு மேலே நாராயண் பெயர் இருந்தது. மறுபடி தொடங்கியதும் பட்டன் வந்து அவர்மேல் இடித்தார். பிறகு செபாஸ்டியன் வெட்டல் முந்தும்போது உரசி டயர் கிழிந்து புள்ளியை இழந்தார். வெட்டல் தொலைக்காட்சியில் நாராயணைத் திட்டித் தீர்த்தார். நடுவர்கள் நாராயணுக்குத் தண்டனை கொடுத்தார்கள். படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வெட்டல் இன்னும் ஒரு முழம் தள்ளிப் போயிருக்கலாம்.

ஆனால் மலேசியப் பெயர்? அலெக்ஸ் யூங் 2001 கடைசியிலும் 2002இலும் மினார்டி அணிக்கு ஓட்டினார். அதோடு சரி. சொந்த ஊர்க்காரன் இல்லாத பந்தயத்தைக் கூட்டம் எத்தனை ஆண்டு பார்க்கும்? 2004இல் பஹ்ரைனும் சீனாவும் வந்தன. 2008இல் பக்கத்து வீட்டு சிங்கப்பூர், நகரத்து விளக்கொளியில் இரவுப் பந்தயமே நடத்திவிட்டது. புதுமை என்று செப்பாங்கிடம் எதுவும் மிஞ்சவில்லை. டிக்கெட் விற்பனை குறைந்தது, பந்தயத்தை வரவழைக்கும் கட்டணம் கூடியது. 2016இல் தடத்துக்கு மறுபடி தார் போட்டு, கடைசி வளைவின் சாய்வை வெளிப்பக்கமாகத் திருப்பி, என்னென்னவோ செய்து பார்த்தார்கள். ஒப்பந்தம் 2018 வரை இருந்தும், 2017 ஏப்ரலில் பிரதமர் நஜிப் அந்த ஆண்டோடு முடித்துக்கொள்வதாக அறிவித்தார். 2017 அக்டோபர் 1, கடைசிப் பந்தயம். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் வடிகால் மூடி பெயர்ந்து ரோமேன் குரோஷானின் டயரைக் கிழித்தது. ஞாயிறன்று, முந்தின நாள்தான் இருபது வயது முடித்த மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் ஜெயித்தார். கடைசியில் நின்று புறப்பட்ட வெட்டல் 1 நிமிடம் 34.080 வினாடியில் ஒரு சுற்று ஓட்டி, மொன்டோயா 2004இல் வைத்த பந்தயச் சாதனையை அழித்துவிட்டுப் போனார். பத்தொன்பது ஆண்டு, பத்தொன்பது பந்தயம்.

அத்தோடு இந்தத் தளமும் பத்து தீகா போன வழி போயிருக்க வேண்டும். இதே டில்கே கட்டிய டில்லி புத் தளத்தில் ஃபார்முலா ஒன் மூன்றே ஆண்டு. 2023இல் மோட்டோ ஜிபியும் ஒரே தடவை வந்துவிட்டுப் போய்விட்டது. செப்பாங் பிழைத்ததற்குக் காரணம் ஒன்றுதான்: இந்த நாட்டு மக்கள் ஏறி உட்காரும் வண்டி கார் அல்ல, மோட்டார் சைக்கிள். தோட்டத்தில் இருந்தவர்களைக் கேளுங்கள். குடும்பத்தின் முதல் வண்டி கப்சாய் என்ற சின்ன மோட்டார் சைக்கிள்தான். பிள்ளையைப் பள்ளிக்கு விட்டதும், சந்தைக்குப் போனதும், மருத்துவமனைக்கு ஓடியதும் அதில்தான். அதே கப்சாயை வைத்து 1994இல் கப் பிரி என்ற தேசியப் பந்தயம் தொடங்கியது. ஊர் ஊராகப் போகும் அந்தப் பந்தயத்திலிருந்துதான் ஆட்கள் வந்தார்கள். சுல்ஃபாமி கைருடின் 2012இல் செப்பாங்கில் மோட்டோ 3 பிரிவில் முதலிடத்தில் புறப்பட்டு இரண்டாவதாக முடித்தார். ஹஃபிஸ் ஷாரின் 2018இல் மோட்டோ ஜிபியின் உச்சப் பிரிவுக்கே போனார். தென்கிழக்காசியாவில் அவர்தான் முதல் ஆள். அந்த ஆண்டுகளில் மோட்டோ ஜிபி ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் ஒரு லட்சத்தைத் தொட்டது. அரசாங்கம் யாரையும் கூட்டிவர வேண்டியிருக்கவில்லை.

தளமே ஓர் அணியை நடத்தத் துணிந்தது. 2019இல் பெட்ரோனாஸ் யமாஹா என்ற பெயரில் செப்பாங் அணி மோட்டோ ஜிபியில் இறங்கியது. ஃபேபியோ குவார்த்தராரோ 2020 ஜூலையில் ஸ்பெயினின் ஹெரெஸில் அதன் முதல் வெற்றியைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு பிராங்கோ மொர்பிடெல்லி உலக வரிசையில் இரண்டாமிடம். 2021இல் வாலன்டினோ ரோஸியே தன் கடைசி ஆண்டை இந்த அணியில் ஓட்டினார். அந்த ஆண்டோடு அணி கலைந்தது. ஆனாலும் ஒரு பந்தயத் தளம் தானே அணி வைத்து உலகப் பந்தயம் ஜெயித்தது என்பதை நான் மலேசிய விளையாட்டின் பெரிய செய்திகளில் ஒன்றாகவே வைப்பேன். நம் பத்திரிகைகளில் அது இரண்டு பத்திக்கு மேல் வரவில்லை.

ரோஸிக்கும் செப்பாங்குக்கும் பழைய உறவு. 2003, 2005, 2009 ஆகிய மூன்று உலகப் பட்டங்களை அவர் உறுதிசெய்தது இந்தத் தடத்தில். 2015இல் மார்க் மார்க்கெஸோடு மோதி, பட்டம் கைநழுவக் காரணமான சம்பவம் நடந்ததும் இங்கேதான், பதினான்காவது வளைவில். எல்லாவற்றையும்விடக் கனமானது 2011 அக்டோபர் 23. இரண்டாவது சுற்றில், பதினோராவது வளைவில் மார்க்கோ சிமொன்செல்லி சறுக்கி விழுந்தார். பின்னால் வந்த வண்டிகள் அவர்மேல் ஏறின. வயது 24. பந்தயம் அங்கேயே ரத்தானது. இத்தாலியிலிருந்து வருகிறவர்கள் இன்றும் அந்த வளைவைத் தேடிப் போய் நிற்கிறார்கள். சுற்றுலாப் பெயர் வைத்த தளத்தில் மக்கள் தாமாக ஒருவர் பெயரை வைத்துக்கொண்டு நினைக்கும் ஒரே வளைவு அது.

இப்போது ஆண்டுதோறும் பிப்ரவரியில் மோட்டோ ஜிபி அணிகள் சோதனை ஓட்டத்துக்கு இங்கே வருகின்றன. குளிர்கால ஐரோப்பாவில் கிடைக்காத சூடு இங்கே கிடைக்கிறது. ஜப்பானின் சூப்பர் ஜிடி கார்கள் 2025இல் திரும்பி வந்தன. ஃபார்முலா ஒன்னையும் மறுபடி கூப்பிட வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. என் கருத்து, வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு பங்கைக் கப் பிரிக்கும், ஆயர் குரோவில் இருப்பதுபோன்ற சின்னத் தளங்களுக்கும் கொடுத்தால் போதும். இந்த நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளோட்டிகள். வேகம் பிடித்த பிள்ளைக்கு ஓட்டிப் பார்க்க ஓர் இடம் வேண்டும். அது கிளேபாங் கடற்கரைச் சாலையாக இருக்கக் கூடாது.

மோட்டோ ஜிபிக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பிரதான மாடத்துக்குக் காசு இல்லையென்றால் கவலை வேண்டாம். முதல் வளைவுப் பக்கம் கே1 மாடத்தில் உட்கார்ந்தால் முந்தல்கள் எல்லாம் கண்ணெதிரே நடக்கும். குடை பயன்படாது, பின்னால் இருப்பவர் திட்டுவார், மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமையே போய்விடுங்கள், கூட்டம் குறைவு. திரும்பும்போது நெடுஞ்சாலையில் நெருக்கடி இருந்தால் போர்ட்டிக்சன் வழியாகக் கடலோரமாக வந்துவிடலாம்.